முக்கால் வட்டம்

ஒரு பாடத்தில் ஒரே ஒரு பாராவை மட்டும் படித்துவிட்டுப் பத்தாம் வகுப்பு வரைக்கும் வந்து சேர்ந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்களோ தெரியாது. இவள் அப்படி வந்து சேர்ந்தவள்.

வகுப்பில் டீச்சர் புத்தகத்தைத் திறக்கச் சொன்னதும் முதல் பெஞ்சிலிருந்து ஆளுக்கொரு பாரா வாய்விட்டு வாசித்துக்கொண்டே வரவேண்டும். மற்றப் பிள்ளைகள் கதை கேட்பார்கள். இவள் தலைகளை எண்ணுவாள். முன்னால் பதினேழு தலை, ஆகவே நம்முடையது பதினெட்டாவது பாரா என்று கண்டுபிடித்து, விரலை வைத்துக்கொண்டு, உதடு அசையாமல் பத்துத் தடவை படித்துப் பார்த்துக்கொள்வாள். முறை வந்ததும் கடகடவென்று ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தால்தான் போன உயிர் திரும்பும். அந்தப் பாராவுக்கு முந்தி யார் வந்தார்கள், பிந்தி யார் செத்தார்கள் என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பாள்.

ஒருநாள் முன்பெஞ்சுப் பெண்ணுக்கு விக்கல் எடுத்தது. தண்ணீர் குடித்துவிட்டு வா என்று டீச்சர் வெளியே அனுப்பிவிட்டார். ஒரு தலை குறைந்துபோனது. இவள் எழுந்து நின்று, கண்ணைப் புத்தகத்தில் பதித்துக்கொண்டு, தயாராக வைத்திருந்த பாராவையே ஒப்பித்தாள்.

"ஏம்மா, அது அடுத்த பாரா" என்றார் டீச்சர்.

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அன்றைக்கு வைத்த பெயர் 'அடுத்த பாரா'. ஒரு வாரத்தில் அது தேய்ந்து 'பாரா' ஆனது. நாற்பது வருஷம் கழித்தும் அவளை அப்படிக் கூப்பிட ஆள் இருக்கிறது. இப்போது ஐம்பத்தேழு வயதில் நினைத்தால் அந்த பெஞ்சும் சுண்ணாம்புத் தூசியும் அவளுக்கு இனிக்கத்தான் செய்கின்றன. அன்றைக்கு இனிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பள்ளிக்கூடம் முடிந்ததும் சட்டைத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். ஐம்பத்திரண்டு மெஷின், நாலு வரிசை. ஒரு முனையில் வெட்டிய துணி கட்டுக் கட்டாக உள்ளே போகும்; மறுமுனையில் பட்டன் வைத்த சட்டையாக வெளியே வரும். ஐம்பத்திரண்டும் ஒன்றாக ஓடினால் சத்தம் காதில் கேட்காது, நெஞ்சுக்குள் கேட்கும். பக்கத்தில் இருக்கிறவளிடம் ஒரு வார்த்தை சொல்லக் கையால் ஜாடை காட்ட வேண்டும். வாய் திறக்கப் பயப்படுகிறவளுக்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? முதல் நாள் வீட்டுக்கு வந்து, "அம்மா, அங்க யாரும் யார்கூடவும் பேச முடியாது" என்று சந்தோஷமாகச் சொன்னாளாம். அம்மா பயந்துபோய்விட்டாள்.

எண்ணுகிற பழக்கம் மட்டும் அவளை விடவில்லை. தன் மெஷினில் உட்கார்ந்தபடியே முன்னால் எத்தனை பேர், யார் முன் எத்தனை கட்டு சேர்ந்திருக்கிறது, யார் கை இன்றைக்கு மெதுவாக ஓடுகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டே தைப்பாள். இன்னும் இருபது நிமிஷத்தில் காலர் மெஷின்காரி சும்மா உட்காரப் போகிறாள் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். தெரிந்தால் போதுமா? எழுந்துபோய், அவளுக்கு முன்னால் தேங்கிக் கிடக்கிற வேலையில் கொஞ்சம் தைத்துக் கொடுத்துவிட்டு வருவாள். அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலர், கஃப், பாக்கெட், தோள், விளிம்பு என்று பதினோரு வேலையும் கைக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் அவமானமாக இருந்தது இங்கே வித்தையாகிவிட்டதை அவள்கூட அப்போது கவனிக்கவில்லை.

அந்தக் கூடத்தின் நடுச்சுவரில் ஒரு பெரிய பலகை தொங்கியது. இடப்பக்கம் ஆட்களின் பெயர், மேலே வேலைகளின் பெயர், கட்டத்துக்குக் கட்டம் ஒரு வட்டம். ஒரு வேலையைக் கற்றுக்கொண்டால் வட்டத்தில் கால்வாசி கறுப்பு. பக்கத்தில் ஆள் நின்று பார்க்கச் செய்தால் அரை. தனியாக, கேட்ட வேகத்தில், குறை இல்லாமல் செய்தால் முக்கால். இன்னொருத்தருக்குச் சொல்லிக்கொடுத்து, அவரையும் முக்காலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினால்தான் முழுவட்டம்.

பாராவின் வரிசையில் பதினோரு வட்டம். பதினொன்றும் முக்கால். அந்தத் தொழிற்சாலையில் அப்படி ஒரு வரிசை வேறு யாருக்கும் கிடையாது. புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, அச்சுப் பிழையா என்று கேட்பார்கள்.

சூப்பர்வைசர் ஆக ஒரே ஒரு முழுவட்டம் போதும். அந்த ஒன்றுதான் அவளிடம் இல்லை. யாருக்காவது சொல்லிக்கொடு என்றால், வயிறு சரியில்லை, கட்டு தேங்கிக் கிடக்கிறது என்று ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுவாள். அவள் கூடப் படித்த தோழி, 'பாரா' என்ற பெயரைத் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்து சேர்த்த புண்ணியவதி, மூணே முக்கால் வேலை தெரிந்தவள், வாய் மட்டும் ஏழு ஊருக்குக் கேட்கும், அவள் சூப்பர்வைசர் ஆகிவிட்டாள். ஆன பிறகு தினமும் காலையில் பாராவின் மெஷின் பக்கம் வந்து குனிந்து, "இன்னைக்கு எவளை எங்க உக்கார வைக்கலாம்டி?" என்று கேட்டுக்கொண்டு போவாள். பாராவும் விரலால் காட்டுவாள். மனசுக்குள் பொறாமை எரிந்தது. அதை மறைக்க அவள் மெனக்கெடவும் இல்லை. வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் கொட்டித் தீர்த்துவிடுவாள்.

அவர் தண்ணீர்த் தொட்டி மோட்டார் ஓட்டுகிறவர், நிதானமான மனுஷன். எல்லாம் கேட்டுவிட்டு, "என்கிட்ட பேசுற பேச்சுல பாதியை அங்க பேசியிருந்தா, இந்நேரம் நீ முதலாளி" என்பார்.

அவளுக்கு முப்பத்தோரு வயதானபோது இரண்டாவது வரிசைக்குச் சூப்பர்வைசர் வேண்டியிருந்தது. மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, "ஒரு மாசம் தர்றேன்மா. ஒரே ஒரு வட்டத்தை முழுசாக்கிக் காட்டுங்க. இல்லேன்னா வெளியிலிருந்து ஆள் எடுத்துடுவேன்" என்றார். சொல்லிக்கொடுக்க ஆளையும் அவரே கொடுத்தார். அந்த ஆளைப் பார்த்ததும் பாராவுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

கட்டிங் அண்ணன். ஐம்பது வயது, ஆறடி உயரம். நூறு மடிப்புத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, மின்கத்தியை ஒரே மூச்சில் தள்ளி வெட்டுகிறவர். இருபது வருஷம் அப்படித் தள்ளித் தள்ளித் தோள்பட்டை போய்விட்டது. இனி கத்தியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு மாசத்தில் ஏதாவது ஒரு தையல் வேலையில் முக்கால் வட்டம் வாங்கினால் இருக்கலாம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்பது ஏற்பாடு. பிள்ளைகள் இரண்டு பேரும் படித்துக்கொண்டிருந்தார்கள். தையல் மெஷின் முன்னால் அவர் உட்கார்ந்தபோது முழங்கால் மேஜையில் இடித்தது.

வேலை, முழுக்கைச் சட்டையில் மணிக்கட்டைச் சுற்றி வரும் கஃபுக்கு மேலே ஒரு பிளவு இருக்குமே, அதற்குப் பட்டி வைப்பது.

"சொல்லிக் குடும்மா" என்றார்.

பாரா தொண்டையைச் செருமினாள். வெட்டி வைத்த ஒரு சட்டைக் கையை எடுத்து மடித்து, தைத்து, நீட்டினாள். "இப்படிண்ணே."

"எப்படி?"

"இப்படித்தான்."

அவர் பாவம், தலையைச் சொறிந்தார். இரண்டு நாள் இந்த லட்சணத்தில் போனது. மூன்றாம் நாள் அவளுக்கு ஒரு வழி தோன்றியது. வார்த்தை வராவிட்டால் என்ன, எண்ணிக்கை வருமே! கத்தரிக்கோலின் பிடியால் மேஜையில் தட்டிக்கொண்டே, "ஒண்ணு" என்றால் மடிப்பு, "ரெண்டு" என்றால் திருப்பு, "மூணு" என்றால் ஊசியைத் துணியிலேயே நிறுத்திவிட்டு முனை திருப்பு, இப்படி ஒன்பது வரைக்கும் வகுத்தாள். அவர் வாழ்நாளெல்லாம் மடிப்பு எண்ணிய மனுஷன். சட்டென்று பிடித்துக்கொண்டார். இருவரும் மேஜையைத் தட்டித் தட்டி எண்ணுவதைப் பார்த்து வரிசையே சிரித்தது. பத்து நாளில் விரல் வளைந்துவிட்டது, அரைவட்டமும் கிடைத்தது. பாராவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வழியெல்லாம் ஒன்பது வரை எண்ணிக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

தப்பு அங்கேதான் நடந்தது. மூன்றாவது வாரம், பழகுவதற்குக் கொடுத்த துணிக் கட்டில் அவர் பதினோரு கைகளைக் கோணலாகத் தைத்துக் கெடுத்துவிட்டார். கெட்டதை எழுதி வைத்தால் அவருடைய அரைவட்டம் காலாகிவிடும். கட்டு பதினொன்று குறைவாகப் போனால் அடுத்த மெஷின்காரி சும்மா உட்காருவாள். எண்ணிக்கை குறைந்தால் பாராவுக்குத் தூக்கம் வராது. பக்கத்து அலமாரியில் அதே நீலத்தில் மிச்சம் கிடந்த கைகளிலிருந்து பதினொன்றை எடுத்து, தானே பட்டி வைத்து, கட்டுக்குள் செருகி, எண்ணிக்கையைச் சரிசெய்து அனுப்பிவிட்டாள். ஒருத்தருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

துணிக்கடையில் ஒரே நீலமாகத் தெரிகிற இரண்டு சுருளும் ஒரே நாளில் சாயம் ஏறியவையாக இருக்க வேண்டியதில்லை. ட்யூப்லைட் வெளிச்சத்தில் இரட்டைப்பிள்ளை மாதிரி இருக்கும். வெயிலில் வைத்தால் ஒன்று வெளுப்பு, ஒன்று கறுப்பு. அதனால்தான் வெட்டும்போதே ஒவ்வொரு துண்டுக்கும் சின்னதாக ஒரு எண் ஒட்டுவார்கள்: ஒரே சட்டையில் எல்லாத் துண்டும் ஒரே எண்ணாக இருக்கவேண்டும். இது அங்கே சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிவிடுகிற பாடம். பாராவுக்கு எத்தனை என்பதுதான் கண்ணில் பட்டது, எது என்பது படவில்லை.

வாங்குகிறவர்களின் ஆள் வந்து ஐந்து பெட்டியைத் திறந்தார். மூன்று சட்டையில் ஒரு கை வேறு நீலம். அவ்வளவுதான், கட்டி ஒட்டி லாரியில் ஏறத் தயாராக இருந்த நாலாயிரம் சட்டையையும் பிரித்து, ஜன்னலோரம் கொண்டுபோய், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியதாயிற்று. இரண்டு நாள் தொழிற்சாலை முழுக்க அந்த வேலைதான்.

மூன்றாம் நாள் காலை, மணி அடிப்பதற்கு முன்னால் பலகைக்குக் கீழே எல்லாரையும் கூட்டினார் மேனேஜர். மெஷின்கள் ஓடாத கூடம் அது. ஒருத்தர் இருமினால் கடைசிச் சுவர் வரை கேட்டது. கையில் ஒரு சட்டையை உயர்த்திப் பிடித்தார்.

"பட்டி வச்ச இடத்துல மாறியிருக்கு. யாரு?"

நூறு கண்ணும் கட்டிங் அண்ணன் பக்கம் திரும்பின. புது ஆள், பழகுகிற ஆள், வேறு யாராக இருக்க முடியும்? அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து, "என் கைதான் சார்" என்றார்.

 அவர் எதற்காகச் சொன்னார் என்பது பாராவுக்கு உடனே புரிந்தது. அவளுக்குக் கிடைக்கப்போகிற வேலை கெடக்கூடாது என்று சொன்னார். மேனேஜர் தலையை ஆட்டினார். "சரிண்ணே, ஆபீசுக்கு வாங்க" என்றார். விஷயம் முடிந்துவிட்டது. இதில் அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பழக்கதோஷத்தில் அவள் தனக்கு முன்னால் இருந்த தலைகளை எண்ணினாள். எண்ணி என்ன பிரயோஜனம்? இங்கே முறை வரப்போவதில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் மணி அடித்துவிடும், மெஷின்கள் ஓட ஆரம்பித்துவிடும், அதற்கப்புறம் யாருக்கும் யார் பேசுவதும் கேட்காது.

"சார்" என்றாள்.

குரல் கீச்சென்று வந்தது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். 

"அது அண்ணன் இல்ல சார். நான். அவர் பதினொண்ணு கெடுத்தாரு. நான் மறைச்சேன். அலமாரியிலேர்ந்து எடுத்துப் போட்டேன். எண்ணிக்கை பாத்தேன் சார், நம்பர் பாக்கல. அவருக்கு ஒண்ணும்... அவரு நல்லாத் தைக்கிறாரு சார். பதினொண்ணுதான் கெட்டுச்சு. மத்ததெல்லாம் நல்லாருக்கு. நீங்க வேணா பாருங்க."

இவ்வளவுதான் பேச்சு. பேசி முடித்தபோது பிளவுஸ் முதுகு நனைந்திருந்தது.  மேனேஜர் பலகையிடம் போய், ரப்பரை எடுத்து, அவளுடைய பட்டி வட்டத்தில் முக்காலை அரையாக்கினார். எல்லார் முன்னாலும் நிதானமாக அழித்தார். சூப்பர்வைசர் வேலைக்கு வெளியிலிருந்து ஆள் வரும் என்று அங்கேயே சொல்லிவிட்டார். கட்டிங் அண்ணனுக்கு இன்னும் இரண்டு வாரம் கொடுத்தார்.

தோழிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அவரேதான் ஒத்துக்கிட்டாரே, லூசு! பதினஞ்சு வருஷமா ஊமையாட்டம் இருந்துட்டு, வாயைத் திறக்க வேற நேரமே கிடைக்கலையாடி உனக்கு?"

பாராவுக்கும் அழுகை வந்தது, அழவும் அழுதாள். போனது சின்ன விஷயம் இல்லை.

டீ நேரத்தில் கட்டிங் அண்ணன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணே, நான் அந்தக் கையெல்லாம் எடுத்துப் போட்டப்ப நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்மா."

"நம்பர் வேறன்னு தெரிஞ்சுதா?"

"நம்பர் என்னம்மா நம்பர். இருபது வருஷம் அந்தத் துணியை விரிச்சவன் நான். கலர் மாறுதுன்னு தொட்டுப் பாக்காமலே தெரிஞ்சுது."

"அப்ப ஏன்ணே சொல்லல?"

அவர் டீயை ஊதினார். "நீ சொல்லிக் குடுக்கிறவ. நான் கத்துக்கிறவன். உனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போகுதுன்னு இருந்துட்டேன். அதோட, நீ எதையும் ஏன் எதுக்குன்னு சொல்றவ இல்லையே. இதுக்கும் ஏதோ காரணம் இருக்கும்னு நினைச்சேன்."

அந்த வார்த்தை அவளுக்கு ரப்பரைவிட அதிகமாக வலித்தது. நாலாயிரம் சட்டையைக் காப்பாற்றியிருக்க இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு வாய் இருந்தது. இவள் பயத்தில் மூடினாள், அவர் மரியாதையில் மூடினார். பயமாவது அவளுக்குப் பழகியது. மரியாதைகூட ஆளைக் கெடுக்கும் என்று அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

அடுத்த இரண்டு வாரம் வேறு மாதிரிப் போனது. அவர் ஒவ்வொன்றுக்கும் "ஏன்?" என்று கேட்டார். அவளும் திக்கித் திணறி, "ஏன்னாண்ணே, இங்க நிறுத்தலேன்னா முனை பிஞ்சுரும்" என்று காரணம் சொன்னாள். சில இடத்தில் அவளுக்கே காரணம் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னாள். அவர் வெட்டு வேலையிலிருந்து இரண்டு விஷயம் அவளுக்குச் சொன்னார். பரீட்சை நாளில் மேனேஜர் கடிகாரத்தோடு நின்றார். அண்ணன் முக்கால் வாங்கினார். இழந்த கால்வாசியையும் சேர்த்து அவளுடைய வட்டம் முழுசாக நிரம்பியது. பதவி வந்த வழியே போய்விட்டது. வட்டம் மட்டும் கறுப்பாக, உருண்டையாக இருந்தது. அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வருஷத்தில் பதினொன்றும் முழுசாயின. அப்புறம் புது ஆட்களுக்குப் பழக்குகிற அறையை அவளிடமே ஒப்படைத்தார்கள். சூப்பர்வைசர் அவள் ஆகவே இல்லை. கட்டிங் அண்ணன் பட்டி வைத்தே ஓய்வு பெற்றுப் போனார். இப்போது அந்தப் பெரிய கூடத்தில் சத்தமில்லாத மெஷின்கள் வந்துவிட்டன. ஐம்பத்திரண்டும் நெஞ்சுக்குள் ஓடிய அந்த நாட்களுக்காக அவள் சிலசமயம் ஏங்குவாள்.

பழக்குகிற அறையில் அவளுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. புது அணி வந்த முதல் நாளே, பேசிக்கொண்டே தைத்துக் காட்டும்போது வேண்டுமென்றே ஒரு தப்புச் செய்வாள். பாக்கெட்டைத் தலைகீழாக வைப்பாள், அல்லது காலரின் உள்பக்கத்தை வெளியே திருப்புவாள். செய்துவிட்டுக் காத்திருப்பாள். யாராவது வாயைத் திறந்து "அக்கா, அது தப்பு" என்று சொல்கிற வரைக்கும் அடுத்த பாடம் கிடையாது. ஒரு அணிக்கு மூன்று நாள் ஆயிற்று. சொல்கிறவருக்குத்தான் முதல் கால்வட்டம். இந்த விஷயம் வெளியே பரவி, வருகிற பிள்ளைகள் எல்லாம் அக்கா எங்கே பொறி வைப்பாள் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு வர ஆரம்பித்துவிட்டார்கள்.

போன மாசம், பயிற்சியின் மூன்றாவது வாரம். கஃப் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். எட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். பின்னால் நின்ற ஒரு பெண், அதிகம் பேசாதவள், "அக்கா, இடது கஃபை வலது கையில வச்சிட்டீங்க" என்றாள்.

பாரா குனிந்து பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஆமாம், மாற்றித்தான் வைத்திருந்தாள். வேண்டுமென்று செய்த தப்பு இல்லை அது. முப்பது வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை.

பிள்ளைகள் கைதட்டினார்கள். "அக்கா திரும்பவும் டெஸ்ட் வைக்கிறாங்கடா! இவ கண்டுபிடிச்சிட்டா!" என்று ஒருவன் கத்தினான். ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பிலேயே விட்டிருந்தால் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. கெட்டிக்கார அக்கா என்ற பெயரோடு ஓய்வுபெறும் நாளும் வந்திருக்கும்.

அவள் மெஷினை நிறுத்தினாள். மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"இது டெஸ்ட் இல்ல" என்றாள். "எனக்கு நிஜமாவே தெரியல. அவ சொல்லலேன்னா அப்படியே அனுப்பியிருப்பேன்."

அவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. பாரா அவளைப் பார்த்து, சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, மறுபடியும் அதையே சொன்னாள்.